அக்கி ஆறியது, வலி ஆறவில்லை

2023-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற மூன்று நாள் இருக்கும்போது, அம்மாவுக்கு இடப்பக்க மார்புக்குக் கீழே வலி தொடங்கியது. அப்போது அவருக்கு 73 வயது. பெரம்பூர் பின்னி மில் 1996-இல் மூடப்பட்டு அப்பா வேலையிழந்த பிறகு, வியாசர்பாடியில் எங்கள் வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டு எங்கள் மூவரையும் கரையேற்றியவர் அவர். ஆவி பட்டுக் கை வெந்தாலும் ஒரு சத்தம் போடாமல் அடுத்த ஈடு ஊற்றப் போய்விடுவார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிற்பாடு அவருடைய வலியை நாங்கள் நம்பாமல் இருந்த நாட்களில் இது ஒன்றையாவது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இடப்பக்கம் என்றதும் யாருக்கும் வருகிற பயம்தான் எங்களுக்கும் வந்தது. அருகில் இருந்த கிளினிக்கில் இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை என்று சொல்லி, வாயுவுக்கு மாத்திரையும் வலிக்கு ஊசியும் கொடுத்து அனுப்பினார்கள். அன்று தோலில் ஒரு சிவப்புகூட இல்லாததால் அந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அம்மா அன்றே ஒன்று சொன்னார்: "உள்ள வலி இல்லடி, தோலு மேல மொளகாத்தூள் தூவுன மாதிரி எரியுது." அந்த ஒரு வாக்கியத்தை நான் மருத்துவரிடம் சொல்லவில்லை. உடம்பின் ஒரே பக்கத்தில், ஒரு பட்டை போல, தோல் மேல் எரிச்சலாகத் தொடங்கும் வலி, கொப்புளம் வருவதற்குச் சில நாள் முன்பே அக்கியின் முன்னறிவிப்பாக இருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மாலை முதுகு தேய்க்கும்போதுதான் பார்த்தேன். முதுகெலும்பை ஒட்டித் தொடங்கி, விலாவைச் சுற்றிக்கொண்டு வந்து, மார்பின் நடுவில் கோடு கிழித்தாற்போல் கொப்புளங்கள் நின்றிருந்தன. வலப்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. எதிர்வீட்டு அத்தை எட்டிப் பார்த்தவுடனேயே "அக்கி" என்றார். ஆடி மாதம் ஆத்தா வந்திருக்கிறாள், வீட்டில் தாளிக்காதீர்கள் என்று இன்னொருவர் சொன்னார். இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டு, மறுநாள் காலை அம்மாவை ஆட்டோவில் கொசப்பேட்டைக்கு அழைத்துப் போனோம். குயவர்பேட்டை என்பதே அப்படி மருவியதாகச் சொல்வார்கள். விநாயகர் சதுர்த்திக்கும் கொலுவுக்கும் பொம்மை செய்கிற தெருக்கள் அவை.

அங்கே இருந்த பெரியவர் காவிக்கல்லை நீரில் உரைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளங்களின் மேலேயே சிங்கம் ஒன்றை எழுதினார். இறகு நகர நகர அம்மாவின் தோள் துடித்தது. காவி குளிர்ச்சியாக இருப்பதால் சில நிமிடம் எரிச்சல் அடங்கியது உண்மை. மூன்று நாள் தொடர்ந்து எழுத வேண்டும் என்று சொன்ன அவரே, "டாக்டர்கிட்டயும் காட்டிடுங்கம்மா, வயசானவங்க" என்றார். நாங்கள் மூன்று நாளும் எழுதி முடித்த பிறகு போகலாம் என்று இருந்துவிட்டோம். எழுதியதால் கெடுதல் வந்தது என்று நான் சொல்லவில்லை. எழுதியதோடு நிறுத்திக்கொண்டதால் போன நாட்கள்தான் எங்களுக்குக் கேடாயின.

வெள்ளிக்கிழமை பார்த்த தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, சிறு வயதில் அம்மை போட்டிருந்ததா என்பது. எட்டு வயதில் வேப்பிலைப் படுக்கையில் கிடந்ததை அம்மா சொன்னார். அந்தச் சின்னம்மைக் கிருமி அன்று உடம்பை விட்டுப் போகவில்லை, முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சு ஒன்றில் 65 ஆண்டுகளாக ஒடுங்கிக் கிடந்திருக்கிறது, வயதாகி எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் அந்த ஒரு நரம்பின் வழியாகவே தோலுக்கு வந்திருக்கிறது என்று அவர் விளக்கினார். அதனால்தான் கொப்புளங்கள் அந்த நரம்பு ஓடும் பாதையில் பட்டையாக வந்து, நடுக்கோட்டைத் தாண்டாமல் நின்றன. வருகிற வழியில் அந்த நரம்பையே கிருமி புண்ணாக்கிவிடுகிறது. கிருமியை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும் என்றவர், எங்களுக்கு ஐந்து நாள் ஆகியிருந்தும், புதிய கொப்புளங்கள் இன்னும் வந்துகொண்டிருந்ததால் அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாளுக்கு எழுதினார். நிறையத் தண்ணீர் குடிக்க வைக்கும்படியும், கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை கர்ப்பமாக இருந்த என் அண்ணன் மகளை வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லும்படியும் சொன்னார். அக்கியிலிருந்து இன்னொருவருக்கு அக்கி ஒட்டாது; ஆனால் சின்னம்மையே வந்திராதவருக்குக் கொப்புள நீரின் வழியாகச் சின்னம்மை தொற்றலாம்.

நெற்றியிலோ கண் ஓரத்திலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும், பார்வையே போகக்கூடும் என்பதையும் அவர்தான் சொன்னார். நம் பக்கத்தில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது.

மூன்று வாரத்தில் பொருக்கு உதிர்ந்தது. தோலில் வெளிறிய தடம் மட்டும் மிஞ்சியது. வீட்டில் எல்லோரும் அக்கி போய்விட்டது என்று நிம்மதி அடைந்தோம். அம்மாவுக்கு வலி போகவில்லை.

ரவிக்கை போட முடியவில்லை. புடவைத் தலைப்பு உரசினால் உடம்பைச் சுருக்கிக்கொள்வார். மின்விசிறிக் காற்று பட்டாலே எரிகிறது என்று புழுக்கத்தில் விசிறியை அணைக்கச் சொல்வார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து சுவர் ஓரம் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் எரிச்சல் என்பார், மறுநாள் மின்சாரம் அடித்தது போல் என்பார், மீன் முள் உள்ளே நின்று குத்துகிறது என்பார், அதே இடத்தைத் தொட்டால் மரத்துக் கிடக்கிறது என்றும் சொல்வார். ஒன்றுக்கொன்று பொருந்தாத இந்தப் பேச்சுதான் எங்களைச் சந்தேகப்பட வைத்தது. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "ஆயாவுக்குத் தனியா இருக்கப் பயம், அதான்" என்று பிள்ளைகளிடம் சொன்னார். நான் அதைவிட மோசமாகச் சொன்னேன். "புண்ணே இல்லியேம்மா, அதையே நெனச்சிக்கினு இருந்தா வலிக்கத்தான் செய்யும்" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து வலிக்கிறது என்று சொல்வதையே நிறுத்திவிட்டார். அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை எடுத்துக் கிழித்து, மார்பில் தளரச் சுற்றிக்கொண்டு, பாயில் வலப்பக்கமாகவே படுத்துக் கிடந்தார். துவைத்துத் துவைத்து நைந்த அந்தத் துணி மட்டும்தான் அவர் உடம்பு பொறுத்துக்கொண்ட துணி என்பது எனக்குப் புரிய இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

அந்த ஒரு மாதத்தில் அன்பினால் நாங்கள் செய்த தவறுகள் பல. தைலம் தேய்த்தோம், எரிச்சல் இரட்டித்தது. உப்பு மூட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். அம்மா சூடு தெரியவில்லை, இன்னும் அழுத்து என்றார். மறுநாள் அங்கே தோல் வெந்து கொப்பளித்திருந்தது. நரம்பு கெட்ட இடத்தில் துணி படுவது தாங்க முடியாத வலியாகவும், சூடு படுவது தெரியாமலும் இருக்கக்கூடும். ஒத்தடம் கொடுக்கும் முன் உங்கள் முன்கையில் வைத்துப் பார்த்தாலும் போதாது. மரத்த இடத்தில் சூடு வைக்கவே வேண்டாம் என்பதுதான் பின்னால் மருத்துவர் எங்களுக்குச் சொன்னது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரைகள் இன்னொரு தவறு. டைக்ளோஃபினாக் போன்ற அந்த மாத்திரைகள் மூட்டு வலிக்கும் வீக்கத்துக்கும் பயன்படுபவை. நரம்பே தவறாகச் சமிக்ஞை அனுப்புகிற வலிக்கு அவை அதிகம் உதவுவதில்லை. அம்மாவுக்குப் பன்னிரண்டு ஆண்டாகச் சர்க்கரை, அதோடு இரத்த அழுத்தமும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் அவற்றைத் தொடர்ந்து விழுங்கினால் சிறுநீரகம் கெடக்கூடும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு அவருக்கு 1.4 என்று கூடுதலாக வந்தபோதுதான் அந்த அட்டைகளை எல்லாம் எடுத்துக் குப்பையில் போட்டேன்.

செப்டம்பர் கடைசியில் வேறொரு கிளினிக்கில் இது நரம்பு வலி என்று சரியாகவே கண்டுபிடித்தார்கள். காபாபென்டின் 300 மில்லிகிராம், முதல் நாளிலிருந்தே மூன்று வேளை என்று எழுதிக் கொடுத்தார்கள். சிறுநீரகப் பரிசோதனைச் சீட்டை யாரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. இரண்டாம் நாள் அம்மா கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தார். மூன்றாம் நாள் விடியற்காலை கழிப்பறைக்குப் போகும்போது வாசற்படியில் தடுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். இந்த மருந்தே வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம். மருந்து தவறானதல்ல, தொடங்கிய அளவுதான் அவருக்கு அதிகம் என்று அப்போது சொல்ல ஆளில்லை.

அக்டோபரில் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போனோம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை அது. அம்மாவின் வாயில் இன்றைக்கும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். காலை ஏழு மணிக்கு ஓ.பி. சீட்டு வாங்கி, ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு அனுப்பப்பட்டு, பதினொரு மணிக்கு ஒரு இளம் பெண் மருத்துவர் முன் உட்கார்ந்தோம். அங்கே நடந்ததை நான் மறக்க மாட்டேன்.

அவர் திரைச்சீலையை இழுத்துவிட்டு, அம்மாவின் வேட்டித் துணியை மெல்ல விலக்கி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பஞ்சை நூலாகத் திரித்து, அதன் நுனியால் வலப்பக்க முதுகில் தொட்டார். "பஞ்சு" என்றார் அம்மா. அதே நுனியால் இடப்பக்கத் தடத்தில் தொட்டார். அம்மா அடி வாங்கியவர் போல் முன்னால் குனிந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சிறிது பொறுத்து, முனை மழுங்கிய ஊசி ஒன்றால் தடத்தின் நடுவில் அழுத்தினார். "இப்ப என்னம்மா தெரியுது?" என்று கேட்டார். "ஒண்ணும் தெரியல, தொட்டீங்களா?" என்றார் அம்மா. கண்ணை மூடியிருந்த ஒருவர், ஒரு விரல் அகலத்துக்குள் பஞ்சுக்குத் துடித்து ஊசிக்கு அசையாமல் இருந்ததை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாக எங்களுக்குப் பொருந்தாததாகத் தெரிந்த பேச்சு முழுவதும் அந்த இரண்டு தொடலில் உண்மையாகிவிட்டது. அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழ வேண்டும் போல் இருந்தது. அந்த இடத்தில் முடியவில்லை.

மருத்துவர் சொன்னது இது. வீட்டு வாசலில் காலிங்பெல் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டால், வாசலில் யாரும் இல்லாமலேயே மணி அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவருக்குக் கேட்பது உண்மையான மணிச் சத்தம்தான். கிருமி போய்விட்டது, புண் ஆறிவிட்டது, ஆனால் காயப்பட்ட நரம்பு தானாகவே சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அது ஓயாமல் அனுப்புவதால் முதுகுத்தண்டும் கூர்மையாகி, பஞ்சு பட்டதைக்கூட வலியாக மூளைக்குச் சொல்கிறது. அக்கிக்குப் பின் மூன்று மாதம் கடந்தும் நீடித்தால் இதை அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்று தனி நோயாகவே பெயரிட்டுச் சொல்வார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். மூன்று மாதம் முடியட்டும் என்று சிகிச்சைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

அதே காபாபென்டின்தான், ஆனால் 100 மில்லிகிராம், இரவு ஒரு வேளை மட்டும். ஒரு வாரம் பார்த்து, தள்ளாட்டம் இல்லையென்றால் இன்னொரு 100. கிரியாட்டினினைப் பார்த்து, எதுவரை கூட்டலாம் என்று அவரே ஒரு எல்லையும் எழுதினார். இரண்டு வாரம் கழித்து அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் சேர்த்தார். அதற்கு முன் இ.சி.ஜி. பார்த்தார், ஏனெனில் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது. ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்பு இருந்தாலும் சொல்லிவிட வேண்டும் என்றார். நாக்கு வறட்சியும் மலச்சிக்கலும் வரும் என்று முன்பே எச்சரித்திருந்ததால், அவை வந்தபோது நாங்கள் பயப்படவில்லை. வாயில் நெல்லிக்காய்த் துண்டு வைத்துக்கொள்வார், இரவில் இரண்டு வாழைப்பழம்.

வீட்டில் எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் மாத்திரைப் பெயரைக் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்று வலிப்பு நோய்க்கு, மற்றது மனச்சோர்வுக்கு என்று அம்மாவிடமே சொல்லிவிட்டார். "எனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிக்கீது?" என்று அம்மா இரண்டு நாள் மாத்திரையைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டார். ஏற்கெனவே நினைப்பினால் வருகிற வலி என்று பெற்ற மகளே சொன்னதைக் கேட்டவருக்கு அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும்! உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன்: சிறிய அளவில் கொடுக்கும்போது இந்த மாத்திரைகள் துடித்துக்கொண்டிருக்கும் நரம்பைத் தணிக்கின்றன, கிருமி கெடுத்த நரம்புக்குத்தான் இது, மனசுக்கு இல்லை என்று. உங்கள் வீட்டில் யாருக்காவது இவற்றை எழுதிக் கொடுத்தால், வேறு யாரும் சொல்வதற்கு முன் நீங்களே இதைச் சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: தலைவலி மாத்திரை போல் அரை மணியில் கேட்காது, முழுப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். எங்களுக்கு ஆறாவது வாரத்தில்தான் முதல் மாற்றம் தெரிந்தது.

அந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளவே ஒரு வழி தேவைப்பட்டது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று மருத்துவமனையில் கேட்பார்கள். அம்மா எப்போது கேட்டாலும் பத்து என்பார், அல்லது மருத்துவர் மனம் நோகக் கூடாதென்று குறைந்திருக்கிறது என்பார். எனவே நானும் அவரும் சேர்ந்து வேறு அளவு வைத்துக்கொண்டோம். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தினமும் மூன்று கேள்விகள். இன்று உடம்பில் என்ன துணி: வேட்டியா, தளர்ந்த நைட்டியா, ரவிக்கையா? மின்விசிறி எத்தனையில் வைக்க முடிந்தது? எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு விழித்தார்? மருத்துவர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ செய்தார். வலியை முழுவதும் இல்லாமல் ஆக்குவதாக யாரும் எங்களிடம் வாக்குக் கொடுக்கவில்லை. வேட்டியிலிருந்து நைட்டிக்கு வந்த நாளை நான் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்: நவம்பர் 21.

இரண்டு வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 4 அன்று எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கணேசபுரம் சுரங்கப்பாதை வழக்கம் போல் மூழ்கியது. இந்தப் பக்கம் வெளியே போக வழியே இல்லை. கீழ்த் தட்டில் இருந்த மாத்திரைப் பை நனைந்து கரைந்துவிட்டது. மின்சாரம் இல்லை, மருந்துக் கடைகள் திறக்கவில்லை. நரம்பு வலி மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதியிருந்தது. எங்களுக்கு நான்கு நாள் ஒன்றுமே கிடைக்கவில்லை. அம்மாவுக்குக் கை நடுக்கம், வியர்வை, தூக்கமே இல்லை, அதோடு பழைய எரிச்சல். மாடி வீட்டில் ஒதுங்கியிருந்த பன்னிரண்டு பேருக்கு நடுவில், ஒருவர் கையும் தன்மேல் பட்டுவிடக் கூடாதென்று சுவர் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பத்து நாள் மாத்திரையும் சீட்டின் நகலும் மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பரண் மேல் இருக்கிறது. வடசென்னையில் முதியவர் உள்ள எந்த வீட்டிலும் ஐப்பசி பிறக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

மருந்துகளுக்கு வெளியே எங்களுக்குக் கை கொடுத்தவை சின்னச் சின்ன விஷயங்கள். நைந்த பருத்தித் துணி. தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி திருப்பிப் போட்ட நைட்டி. குவளையால் மொண்டு ஊற்றாமல், ஈரத் துணியை அழுத்தி எடுப்பது. தேய்ப்பதைவிட உள்ளங்கையை அகலமாக வைத்து நிதானமாக அழுத்துவதை அவர் தோல் பொறுத்துக்கொண்டது. விசிறியைச் சுவருக்குத் திருப்பி வைத்தோம், காற்று சுவரில் பட்டுத் திரும்பி வரும். கழிப்பறைக்குப் போகிற வழியில் இரவு விளக்கு, வாசற்படியில் மஞ்சள் பட்டை, சுவரில் பிடி. எழுந்தவுடன் நடக்காமல் பாயில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது. லிடோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து தடவிய பட்டையைச் சில மாதம் ஒட்டினோம். தோல் புண்ணில்லாத இடத்தில் மட்டும், ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நல்ல பலன் தந்தது, ஆனால் சித்திரை வியர்வையில் நிற்கவில்லை, விலையும் கட்டுப்படியாகவில்லை. மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் களிம்பை ஒரே முறை பூசி, "இதுக்கு அக்கியே தேவல" என்று அம்மா துடைத்துவிட்டார். நாள்தோறும் மூன்று நான்கு முறை, வாரக்கணக்கில் பூசினால்தான் பலன் தரும் மருந்து அது. பூசியவர் கையை நன்றாகக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது.

வலியைத் தேடிப் போன இடத்தில் வேறு ஒன்றும் அகப்பட்டது. அந்த மருத்துவர் உள்ளங்காலில் நைலான் இழை ஒன்றால் பத்து இடங்களில் தொட்டுப் பார்த்தார். நான்கு இடங்களில் அம்மாவுக்குத் தெரியவில்லை. சர்க்கரையால் பாத நரம்புகளும் கெடத் தொடங்கியிருந்தன. நீண்ட நாள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அந்தக் குறையும் நரம்பைக் கெடுக்கும் என்று இரத்தம் சோதித்தார். குறைவாகவே இருந்தது, ஊசி போட்டார்கள். இப்போது வீட்டுக்குள்ளும் செருப்பு, இரவில் நான் பாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதந்தோறும் சர்க்கரை மாத்திரை கொண்டு வரும் தன்னார்வலரிடம் இதைச் சொன்னபோது, அத்திட்டத்திலேயே வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் உண்டு என்று சொல்லிப் பதிவு செய்து கொடுத்தார். ஆறு மாதம் ஒரே பக்கமாகப் படுத்து இறுகிப்போன அம்மாவின் இடத் தோள் அப்படித்தான் தளர்ந்தது.

எழுதத் தயங்கிய ஒன்றையும் எழுதிவிடுகிறேன். 2024 பங்குனியில் ஒரு நள்ளிரவு, "நான் போய்ச் சேந்துட்டா உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்று அம்மா சொன்னார். வயதானவர்கள் வாயில் வரும் வழக்கமான பேச்சு என்று கடந்து போகத்தான் மனம் சொன்னது. ஒரு முறை அவர் சொல்லைக் கடந்து போனதன் விலை தெரிந்திருந்ததால், விளக்கைப் போட்டு உட்கார்ந்து, அப்படி ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். இருந்தது. அந்த இரவு அவர் பக்கத்தை விட்டு நான் நகரவில்லை. வீட்டிலிருந்த மாத்திரை எல்லாம் பெட்டிக்குள் போய்ப் பூட்டப்பட்டது. டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் அழைத்தேன், தமிழில் பேசினார்கள், காலையில் எங்கே போக வேண்டும் என்று சொன்னார்கள். தூங்க விடாத வலி மனத்தையும் தின்றுவிடும் என்றும், இரண்டுக்கும் சேர்த்தே மருந்து தர வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். கேட்டதால் அவருக்கு அந்த எண்ணம் கூடிவிடவில்லை. கேட்டபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

தடுப்பூசி பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். ஷிங்ரிக்ஸ் என்ற அக்கித் தடுப்பூசி 2023-இல் இந்தியாவுக்கு வந்தது; 50 வயது கடந்தவர்களுக்கு, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 70 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் சுமார் 90 விழுக்காடு பாதுகாப்பு கொடுத்தது. வந்துவிட்ட நரம்பு வலியை அது குணப்படுத்தாது. ஆனால் அக்கி ஒரு முறை வந்தவர்களுக்கும் மறுபடி வராமல் இருக்கப் போடலாம். விலை எங்களைப் போன்றவர்களுக்கு மிக அதிகம். சீட்டுப் பணம் எடுத்து, 53 வயதான எனக்கும் அம்மாவுக்கும் தனியாரிடம் போட்டுக்கொண்டோம். இரண்டு நாள் கை வலியும் லேசான காய்ச்சலும் இருந்தன. "உனக்கு மொதல்ல போடு, நான் பட்டாச்சு" என்பதுதான் அம்மாவின் நிபந்தனை. அண்ணனுக்கு 57; அவரை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது காபாபென்டின் இரவில் ஒரு வேளை மட்டும். அமிட்ரிப்டிலினை மருத்துவர் மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டார். எரிச்சல் முழுவதும் போகவில்லை. மழைக்கு முந்தின புழுக்கத்தில் தலை காட்டும், கோபம் வந்தாலும் வரும். கடையை மறுபடி போடவில்லை. ஆனால் ஞாயிறன்று எங்கள் வீட்டுக்கு மட்டும் அவர் கையால்தான் இட்லி. ஆவி இடப்பக்கம் படாமல் இருக்க, அடுப்பை மேடையின் மறுகோடிக்கு மாற்றி வைத்திருக்கிறோம். மருமகனைப் பார்த்து, "உப்பு சரியா இருக்குதாய்யா?" என்று கேட்டுக்கொண்டே மூடியைத் திறப்பார்.

ஆறாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்றைய வரி, அவரே சொல்லச் சொல்ல நான் எழுதியது: ரவிக்கை, காலையிலிருந்து மூன்று மணி வரை. விசிறி இரண்டில். தூக்கம் பத்தரைக்கு, விழிப்பு நாலேகாலுக்கு, நடுவில் ஒரு முறை.